ஒன்பது வராத வரி

மேல் டிவிஷன் லைன்ஸ்,
தேவிகுளம்,
11 ஜூன் 1977

ஹக்கீம் பாய்க்கு,

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். ரம்லா அக்கா சுகமா? ருக்கியாவுக்கு ஒரு வயது முடிந்திருக்கும். நடக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். அவசரநிலைக் காலத்தில் நீக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று கம்பெனி அறிவித்திருப்பதாக யூனியன் செயலாளர் குப்பண்ணன் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 31 கடைசி நாள். பழைய வாதங்களையே திருப்பிச் சொன்னால் எடுக்கமாட்டார்களாம். புது ஆதாரம் வேண்டும். படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதச் சொன்னார். எழுதியதைக் கீழே தருகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

"கஞ்சிக்கோடு பம்ப்செட் தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் நான் 'நிலை' என்று ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவியில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் இயந்திரம் தன்னைப் பற்றி நாலு வரி அச்சடித்துத் தரும். மொத்த மெமரி எவ்வளவு, அதில் காலி எவ்வளவு, இந்த மாதம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன. வேறு எதுவும் செய்யாது. மெமரியிலுள்ள 4096 இடங்களில் அதற்கு 94 இடம் போதும். அதற்கு முன்பு இதையெல்லாம் முன்பலகையில் எரியும் விளக்குகளைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது.

"இந்த இயந்திரம் எட்டு எட்டாக எண்ணுவது. ஏழுக்கு அடுத்தது அதற்குப் பத்து. அதன் பத்து நமக்கு எட்டு, அதன் நூறு நமக்கு அறுபத்து நாலு. ஆகவே 1976 பிப்ரவரி 28ஆம் தேதிச் சீட்டில் 500 மணி என்றிருப்பது நம் எண்ணில் 320. சீட்டை ஒட்டும் ரிஜிஸ்டரில் ஆபரேட்டர் ஹக்கீம் அதை நம் எண்ணுக்கு மாற்றி 320 என்றுதான் எழுதியிருக்கிறார். கணக்கில் காட்டாமல் நூற்றெண்பது மணி இயந்திர நேரத்தை நான் கோயம்புத்தூர் மில்லுக்கு விற்றதாகச் சொன்னது இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாக வைத்துப் படித்ததால் வந்த வினை."

இதுவரை சரி. இதற்கு மேல் பேனா நகரவில்லை. விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மணி வரியில் எட்டும் ஒன்பதும் ஒருநாளும் வராது, சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள் என்றேன். பம்பாயிலிருந்து வந்த அதிகாரி புரட்டினார். பிப்ரவரி 17ஆம் தேதிச் சீட்டில் நிறுத்தி, "நூற்றுத் தொண்ணூற்றெட்டு" என்று வாசித்தார். ரிஜிஸ்டரிலும் அன்று 198. சீட்டும் ரிஜிஸ்டரும் ஒத்துப்போகின்றன, ஆகவே சீட்டு சாதாரண எண்ணில்தான் இருக்கிறது, ஆகவே 500 என்றால் 500தான் என்றார். அதோடு என் வேலை முடிந்தது.

அன்றிலிருந்து ஒரே கேள்வி. என் புரோகிராம் மணி வரியில் எப்படி ஒன்பதை அச்சடித்தது? எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் அதுவே புது ஆதாரம். பிழை என்னுடையதாக இருந்தாலும் சரி. திருடன் என்பதைவிடத் தப்பாக எழுதியவன் என்பது மேல்.

அந்தப் புரோகிராமின் துளைநாடா உங்களிடம் ஒன்று இருந்தது. அனுப்பி வையுங்கள்.

அம்மாவிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். "எட்டும் ஒம்பதும் எங்கலே போச்சு?" என்றாள். சரியான கேள்வி.

மிக்கேல்ராஜ்



பள்ளித்தெரு,
பாலக்காடு,
23 ஜூன் 1977

அன்புள்ள மிக்கேல்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. ஷிப்டு மாறியதில் பதில் எழுத முடியவில்லை.

எல்லோரும் சுகம். ருக்கியா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இங்கே மழை பெயருக்குத்தான். வாளையார்க் காற்று அடிக்கிற அடியில் கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் இடுக்கிலெல்லாம் மண். குளிர்சாதனம் வாரத்துக்கு இரண்டு நாள் படுத்துவிடுகிறது. உன் இடத்தில் எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நல்லவர். நிறையப் பேசுவதில்லை.

'நிலை'யை இயந்திரத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று அப்போதே ஆர்டர் போட்டார்கள். இப்போது பழையபடி விளக்குகளைப் பார்த்து எழுதுகிறோம். குப்பண்ணன் எருத்தேன்பதியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, "ஏனுங்க பாய், மிசினுக்கு வாயைக் கட்டிப்போட்டாங்களாமா?" என்று கேட்பார். நானும் தினமும் சிரித்துவைக்கிறேன்.

நாடாவைத் தேட வேண்டும். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மனுவில் இந்த எட்டு, ஒன்பது எல்லாம் எதற்கு? அந்தக் காலத்தில் நிர்வாகம் எல்லோரையும் மிரட்டியது, எனக்கும் அநியாயம் நடந்தது என்று பொதுவாக எழுது. இப்போது அதைக் கேட்கும் காதுகள் இருக்கின்றன.

பஞ்சாபகேசன் சார் உன்னை விசாரித்தார். மேனேஜர் ஒருவர் விசாரிப்பதே பெரிது. 4096ஐ எட்டில் எண்ணி, மெமரி பத்தாயிரம் என்று சீட்டு வந்த அன்று அவர் ஓடிவந்தது நினைவிருக்கிறதா? "ஏண்டா, வாங்கினது நாலாயிரத்துச் சொச்சம்னா? மிச்சம் ஆறாயிரம் யாராத்துது?" அதற்காகத்தானே அந்த ஒரு வரியை மட்டும் சாதாரண எண்ணுக்கு மாற்றினாய். மணி வரியையும் அப்போதே மாற்றியிருக்கலாம்.

ஹக்கீம்



தேவிகுளம்,
4 ஜூலை 1977

ஹக்கீம் பாய்க்கு,

மணி வரியை மாற்ற, தொழிற்சாலைக் கணக்குகள் போக மெமரியில் இன்னும் முப்பது இடம் வேண்டியிருந்தது. இல்லை. அது உங்களுக்கும் தெரியும். இடம் இல்லாததால்தான் தினமும் நீங்கள் எட்டில் படித்துப் பத்தில் எழுதினீர்கள்.

பொதுவாக எழுதச் சொல்கிறீர்கள். குற்றம் பொதுவாக இல்லை. நூற்றெண்பது மணி என்று இருக்கிறது.

இங்கே என் வேலையைச் சொல்கிறேன். தினக்கூலிக்குத் தேயிலைக் கொழுந்து எடை எழுதுகிறேன். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, கூடைக் கழிவு எல்லாம் போக மீதி. பெண்கள் தராசு முள்ளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முத்துப்பேச்சி என்று ஒருத்தி, "கம்ப்யூட்டரு, இன்னைக்காவது ரெண்டு கிலோவைக் கூட்டிப்போடேன். அங்க நூத்தெம்பது கூட்டினவந்தானே நீ?" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கஞ்சிக்கோட்டு விஷயம் தேவிகுளம் வரை வந்திருக்கிறது.

அம்மாவுக்கு டிசம்பரில் ஐம்பத்தெட்டு முடிகிறது. தோட்டத் தொழிலாளர் பட்டியலான மஸ்டரிலிருந்து அவள் பெயரை நீக்கியதும், தோட்டம் தந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். செபமாலையம்மாள் என்ற பெயர் மஸ்டரில் முப்பத்தாறு வருடம் இருந்திருக்கிறது. தினக்கூலிக்காரனுக்கு அந்த வீட்டைத் தரமாட்டார்கள். திரும்பவும் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தால் அங்கே ஒரு வீடு பார்த்து அவளை அழைத்துக்கொள்வேன். இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. எதற்கு அவசரம் என்று நீங்கள் கேட்காமலிருக்க எழுதுகிறேன்.

நாடா வராததால் நினைவிலிருந்தே 94 இடங்களையும் எழுதிவிட்டேன். கொழுந்து நோட்டின் பின்பக்கம் ஆறு தாள். நானே இயந்திரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாக ஓட்டிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டைக் கொடுத்தால் 0306 என்று வருகிறது. ஒவ்வொரு முறையும் 0306. ஒன்பதை வரவழைக்கவே முடியவில்லை. ஆனால் என் நினைவை நான் நம்புவதில்லை. எழுதியவன் தன் பிழையை மறந்துவிட்டுத்தான் எழுதுவான். நாடா வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் அதிகாரி உங்களைப் பார்த்து, "இது இயந்திரம் கொடுத்த சீட்டுதானா?" என்றார். நீங்கள் "யெஸ் சார்" என்றீர்கள். உண்மைதான், குறையில்லை. ஆனால் சொல்லிவிட்டு என் பக்கம் ஒருமுறை திரும்பியிருக்கலாம்.

மிக்கேல்ராஜ்



பாலக்காடு,
19 ஜூலை 1977

மிக்கேலுக்கு,

நாடா இத்துடன் இருக்கிறது. ரம்லாவின் துணிப்பெட்டியில், அடியில் கிடந்தது. அவள் இதை எம்பிராய்டரி நூல் சுற்றும் காகிதம் என்று நினைத்திருந்தாள்.

இதை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வாய்? கொழுந்துத் தராசிலா மாட்டுவாய்? இயந்திரம் இல்லாத ஊரில் இது வெறும் ஓட்டைக் காகிதம். ஒருவன் வருடக்கணக்கில் ஒரு சீட்டையே நினைத்துக்கொண்டிருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? உனக்கு இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் எத்தனையோ மில்கள். அங்கே போய்க் கேட்டால் என்ன?

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அன்று யார் யாரைப் பார்த்தார்கள்? வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. பதில் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கும் வீடு, குழந்தை எல்லாம் இருக்கிறது மிக்கேல்.

ஹக்கீம்



தேவிகுளம்,
31 ஜூலை 1977

ஹக்கீம் பாய்க்கு,

நாடா வந்தது. நன்றி.

மூன்று நாளாக மழை விடவில்லை. நேற்று மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நாடாவை ஜன்னல் கம்பியில் கட்டித் துளைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். இங்கே இயந்திரம் இல்லைதான். ஆனால் துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அதற்குக் கண் போதும். அம்மா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஜெபமாலை உருட்டுத மாதிரியில்லா இருக்கு" என்றாள்.

தொண்ணூற்று நாலு இடமும் என் நோட்டோடு ஒத்துப்போகின்றன. ஒரு துளை கூட வித்தியாசமில்லை. பிழை இல்லை, ஹக்கீம் பாய். இந்தப் புரோகிராம் மணி வரியில் ஒன்பதை அச்சடிக்காது. அச்சடிக்க அதனால் முடியாது.

ஆக, மீதியிருப்பது ஒரே கேள்வி. அந்தச் சீட்டை அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு வாசித்தார். என் கையில் தரவில்லை. நான் அதைப் பார்த்ததே இல்லை. ரிஜிஸ்டர் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

என் புரோகிராம் மணியை எப்போதும் நாலு இலக்கமாகத்தான் அச்சடிக்கும். முன்னால் வரும் பூஜ்யத்தை மறைக்க எனக்கு இடமில்லை. ஐந்நூறு என்றால் 0500. மூன்று என்றால் 0003.

பிப்ரவரி 17ஆம் தேதிச் சீட்டில் இருப்பது 0198ஆ, 198ஆ?

இது மட்டும்தான் வேண்டும். கார்டில் எழுதினால் போதும்.

மிக்கேல்ராஜ்



பாலக்காடு,
10 ஆகஸ்ட் 1977

மிக்கேல்,

198.

கார்டு போதும் என்றாய். ஒரு கார்டு வாங்கி இந்த எண்ணை மட்டும் எழுதிச் சட்டைப்பையில் நாலு நாள் வைத்திருந்தேன். ரம்லா துவைக்கும்போது எடுத்துப் பார்த்து, "என்ன இது, வெறும் நம்பர்?" என்றாள். அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு, "அப்போ அந்தச் சீட்டு எனக்காக அடிச்சதா?" என்று கேட்டாள். 

போன வருடம் பிப்ரவரி 17. அவளுக்கு ஏழாவது மாதம். மத்தியானம் ஒரு மணிக்கு அவள் தம்பி அலவி சைக்கிளில் கேட்டுக்கு வந்து, "மச்சான், அக்காவுக்கு ரத்தம் நிக்கல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு" என்றான். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். அனுமதி இல்லாமல் மெஷினை விட்டுப் போனால் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும். சாயந்திரம் நீ வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்னதாகக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பாய்.

மறுநாள் காலை ரிஜிஸ்டரைத் திறந்தால் முந்தின நாள் சீட்டு ஒட்டவேண்டிய இடம் காலி. அப்போது 'நிலை'யைக் கேட்டால் அன்றைய மணியைத்தான் சொல்லும், நேற்றையதைச் சொல்லாது. மணியைக் கூட்டிப் பார்த்து ரிஜிஸ்டரில் 198 என்று எழுதினேன். பிறகு டெலிடைப்பின் குமிழை லைனிலிருந்து லோக்கலுக்குத் திருப்பினேன். லோக்கலில் அது வெறும் டைப்ரைட்டர்தானே, இயந்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாலு வரியையும் நானே அடித்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நேராக வந்தவன். மணி வரியில், ரிஜிஸ்டரில் எழுதிய எண்ணை அப்படியே அடித்துவிட்டேன். எட்டுக்கு மாற்ற வேண்டும் என்பது தோன்றவே இல்லை. மூன்று வருடமாகத் தினமும் எட்டில் படித்துப் பத்தில் எழுதிய கை. திருப்பி ஒருநாளும் செய்ததில்லை.

விசாரணையில் நீ ஒன்பது வராது என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வருகிறார். எங்கே நிறுத்துவார் என்று எனக்கு மட்டும் தெரியும். "இயந்திரம் கொடுத்த சீட்டுதானா?" என்றார். பொய்ச் சீட்டு ஒட்டியவன் என்று தெரிந்தால் அன்றே என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். ருக்கியாவுக்கு அப்போது ஐந்து மாதம். மூச்சு சரியில்லாமல் மாதம் இருமுறை டாக்டர். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது இவை எதையும் நான் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

நீ பிழை தேடுகிறாய் என்று உன் முதல் கடிதத்தில் படித்தபோது நாடாவை எரித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சீட்டை ரிஜிஸ்டரிலிருந்து கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மனுவோடு அனுப்பு. இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

ஹக்கீம்



தேவிகுளம்,
17 ஆகஸ்ட் 1977

ஹக்கீம் பாய்க்கு,

கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். இனிமேல் வரலாம். முதலில் வந்தது நிம்மதிதான். என் 94 இடத்தில் பிழை இல்லை. பதினோரு மாதம் எதை யோசித்தாலும் கடைசியில் அங்கே போய் நின்றவனுக்கு, நேற்று எடை எழுதும்போது எடை மட்டும் தெரிந்தது.

கேள்வியை எழுதும்போதே எனக்குப் பதில் தெரியும். நீங்கள் 0198 என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் அதோடு விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அலுத்துவிட்டது.

ரம்லா அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மறுநாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தச் சீட்டை நானே லோக்கலில் அடித்துத் தந்திருப்பேன். 0306 என்று. யாருக்கும் தெரிந்திருக்காது. இதை மனுவில் எழுத முடியாது. ஆனால் நான் உங்களைவிட யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். இதை நான் மனுவோடு அனுப்பினால், நீக்கப்பட்டவன் எங்கிருந்தோ கொண்டுவந்த துண்டுக் காகிதம். முன்னும் பின்னும் நாலு இலக்கச் சீட்டுகள் இருக்க, நடுவில் இது மூன்று இலக்கத்தில் இருந்தால்தான் சாட்சி. கிழித்த இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பமாட்டேன். அது எனக்கு எழுதியது.

ஒட்டிய பிறகு ரிஜிஸ்டரை யாரிடமாவது காட்டுவதும் காட்டாததும் உங்கள் பாடு. நான் கேட்கப்போவதில்லை. மனுவை இருக்கிறபடி 25ஆம் தேதி தபாலில் சேர்க்கிறேன்.

ருக்கியாவின் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

மிக்கேல்ராஜ்



பாலக்காடு,
27 ஆகஸ்ட் 1977

அன்புள்ள மிக்கேல்,

மூச்சு சரியாகிவிட்டது. சுவரை விட்டுவிட்டு நடக்கிறாள்.

சீட்டை ஒட்டி, புதன்கிழமை ரிஜிஸ்டரைப் பஞ்சாபகேசன் சார் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "ஏன் ஹக்கீம், இத்தனை நாள் இதை வயத்துல வெச்சுண்டு எப்படிச் சாதம் இறங்கித்து?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. வாக்குமூலத்தைத் தானே ஆங்கிலத்தில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். முன்னும் பின்னும் உள்ள சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணி வரியில் ஒன்பது எங்கேயும் இல்லை. எட்டும் இல்லை. அந்த ஒரு நாள்தான்.

பம்பாய்க்கு எழுதுமுன் புரோகிராமைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். நாடா உன்னிடம். நாடாவைத் தந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. உன் முதல் பிரதி பழைய அலமாரியில் சீல் வைத்த உறையில் கிடந்தது, விசாரணை ஆதாரம் என்று எழுதி. அதை உடைத்து, நேற்றுக் காலை ஏழு மணிக்கு இயந்திரத்தில் ஏற்றினோம். மணிக் கணக்கு அப்போதிலிருந்து புதிதாகத் தொடங்கியது. இரண்டு ஷிப்டு ஓடியது. இரவு பத்துக்கு நிறுத்தினார்கள்.

இன்று காலை சாவியை ஒப்படைக்கச் சொன்னார். இன்றிலிருந்து நான் சஸ்பெண்டு. உன் மனுவோடு தன் குறிப்பும் போகும் என்றார். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் உனக்குச் சொல்லமாட்டேன். கோயம்புத்தூரில் மில்கள் இருக்கின்றன என்று உனக்கு எழுதினேனல்லவா. ரம்லா அதை எனக்கே திருப்பிச் சொல்கிறாள்.

சாவியைக் கொடுக்குமுன் கடைசியாக ஒருமுறை 'நிலை' என்று தட்டினேன். நாலு வரி வந்தது. மணி வரியில் 0017. பஞ்சாபகேசன் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பதினேழு" என்றார். ரிஜிஸ்டரில் எழுதப் பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். இடது கையின் விரல்களை மடக்கி எண்ணினார், உதடு அசைய, இரண்டு தடவை.

பிறகு தன் கையாலேயே பதினைந்து என்று எழுதினார்.

ஹக்கீம்